கதவுக்குத் தெரியாது

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தேழு. பெயர் ஷமீமா. சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஒரு கம்பெனியின் கணினிப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்.

சீடருக்கு வயது அறுபத்து நான்கு. பெயர் வேதமூர்த்தி. தலைமைச் செயலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்தக் கம்பெனியில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்று அந்தத் திங்கட்கிழமை வரை அவர்களுக்கே தெரியாது.

அரசு ஆஸ்பத்திரிகளின் ரத்த வங்கிகள் முப்பத்தெட்டுக்குக் கிளவுட் நடத்துவது கம்பெனியின் வேலை. எந்த ஊரில் எந்த குரூப் ரத்தம் இருக்கிறது என்ற விவரம் முழுவதும் இவர்கள் சர்வரில்தான் இருந்தது. அதை நடத்த அரசின் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அனுமதிக்கு ஓர் ஆவணம் வேண்டும். அந்த ஆவணம் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். எழுதியவர் வேதமூர்த்தி. கடைசிப் பக்கத்துக் கையெழுத்தும் அவருடையதுதான்.

வருடா வருடம் அதில் தேதியை மாற்றி அனுப்புவார். அதிகாரிகள் காரில் வருவார்கள். நாற்பது பக்கம் புரட்டுவார்கள், சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஒன்பது மாதம் கழித்து அனுமதி வரும்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு கடிதம் அவர் மேஜைக்கு வந்தது. இனிமேல் பக்கங்கள் வேண்டாம், இயந்திரம் படிக்கும் கோப்பாக அனுப்புங்கள் என்றது கடிதம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் அனுமதி காலாவதி. முப்பத்தெட்டு ரத்த வங்கிகளும் பழையபடி ஊர் ஊராகப் போன் போட்டு ரத்தம் தேட வேண்டியதுதான். கடிதம் வந்து இரண்டு மாதம் முதலாளியின் டிராயரில் கிடந்திருக்கிறது. அதைப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், விட்டுவிடுவோம்.

வேதமூர்த்தி கலங்கவில்லை. ஆவணத்திலிருந்து பத்தி பத்தியாக எடுத்துப் புதிய கோப்பில் ஒட்டினார். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கே கட்டங்கள். உள்ளதா, இல்லையா. பொறுப்பு யார். கடைசியாகச் சோதித்த தேதி என்ன. அத்தாட்சி எங்கே.

சோதித்துப் பார்க்கும் பொத்தானை அழுத்தினார். திரை முழுக்கச் சிவப்பு. 

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஷமீமாவிடம் போனார்.

"மேடம், இதுக்கு ஒண்ணுமே புரிய மாட்டேங்குது. எவ்வளவு பக்குவமா எழுதியிருக்கேன் பாருங்க."

ஷமீமா ஒரு கட்டத்தைப் படித்தார். "'ஆவன செய்யப்பட்டு வருகிறது'. இது எத்தனை இடத்துல இருக்கு சார்?"

"தொண்ணூத்தியொரு இடத்துல மேடம்." அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அரசாங்கக் கடிதம் ஒன்றாவது வாங்கியவர்களுக்கு இந்த வாசகம் தெரியும். செய்தாயிற்று என்று சொல்லாது. செய்யவில்லை என்றும் சொல்லாது. கேட்க வந்தவர் நன்றி சொல்லி எழுந்து போய்விடுவார்.

"இயந்திரத்துக்கு எப்படி மேடம் புரிய வைக்கிறது?" என்று கேட்டார் வேதமூர்த்தி.

ஷமீமா கையை நீட்டினார். "உங்க கார்டைக் கொடுங்க சார்."

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

"இப்போ வாசலுக்கு வெளியே போய்ட்டு, திரும்ப உள்ளே வாங்க."

ஆபீஸ் வாசலில் கண்ணாடிக் கதவு. வெளியிலிருந்து வருபவர் அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். உள்ளேயிருந்து ஒரு பொத்தான். பொத்தான் பக்கத்தில் காவலாளி மாசிலாமணியின் நாற்காலி.

வேதமூர்த்தி வெளியே போனார். கதவு மூடிக்கொண்டது. அட்டை காட்டும் இடத்தில் வெறும் கையை வைத்துப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு தரம் வைத்தார். மறுபடி சிவப்பு. என்னதான் பக்குவமாக நின்றாலும் கதவு அசையவில்லை.

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். "அட, நம்ம சார்" என்று பொத்தானை அழுத்திவிட்டார்.

வேதமூர்த்தி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "வந்துட்டேன் மேடம்."

"பதினேழாவது கேள்வியைப் படிங்க சார்."

படித்தார். 'அட்டை இல்லாமல் எவரும் உள்ளே நுழைய இயலாது என்பது உறுதி செய்யப்பட்டுள்ளதா?' அதற்கு எதிரே அவர் எழுதியிருந்தது: 'உறுதி செய்யப்பட்டுள்ளது. மேலும் ஆவன செய்யப்பட்டு வருகிறது.'

சிரிப்பு நின்றுவிட்டது.

"கதவுக்கு உங்களைப் புரியலை. மாசிலாமணிக்குப் புரிஞ்சுது" என்றார் ஷமீமா. "இந்தக் கேள்விக்கு யாரைக் கேட்டு பதில் எழுதுவீங்க சார்?"

அவர் அட்டையை வாங்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, ஒட்டிய பத்திகளை எல்லாம் அழித்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஆளாளுக்குப் போய் நின்றார். இது இருக்கிறதா. யார் பார்க்கிறார்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள். காட்டுங்கள். ஒரு பாஸ்வேர்டுக்குப் பொறுப்பாளர் என்று அவர் வருடா வருடம் எழுதிவந்த ஆள், வேலையை விட்டுத் துபாய் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு பெயரை மாற்றினார். பாஸ்வேர்டையும் மாற்ற வைத்தார். சாயங்காலத்துக்குள் பாதிக்கு மேல் பச்சை ஆகிவிட்டது. மனிதர் இளைத்துப்போன மாதிரியும் இருந்தார், குஷியாகவும் இருந்தார்.

புதன்கிழமை நூற்றுநாற்பதாவது கேள்வியில் நின்றார். காப்பு நகலிலிருந்து தகவல்களை மீட்டுப் பார்க்கும் ஒத்திகை கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது?

தொழில்நுட்பப் பிரிவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நகல் தினமும் எடுக்கிறோம் சார், மீட்டுப் பார்த்ததில்லை என்றார்கள்.

"ஆறு வருஷத்துல ஒரு தடவைகூடவா?"

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

அன்று மதியமே மீட்டார்கள். முப்பத்தேழு ரத்த வங்கிகளின் தகவல்கள் வந்தன. ஒன்று வரவில்லை. ஏழு மாதத்துக்கு முன் யாரோ ஒரு போல்டரின் பெயரை மாற்றியதில், அந்த ஒரு வங்கிக்கு மட்டும் தினமும் வெறும் போல்டரே நகலாகிக்கொண்டிருந்தது. சர்வர் ஒரு நாள் படுத்திருந்தால், அந்த ஊரில் எந்த குரூப் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

அந்த ஏழு மாதத்துக்குள்தான் அவர் கடைசியாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். அன்று கொண்டுவந்த தயிர்சாதத்தை அவரால் சாப்பிட முடியவில்லை. அவமானமாக இருந்தது. அதை ஷமீமாவிடம் சொல்லவும் செய்தார்.

"மேடம், நான் ஆறு வருஷமா பொய் எழுதியிருக்கேன்."

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு சார்" என்றார் ஷமீமா. "போல்டரைச் சரி பண்ணச் சொல்லிட்டேன். நாளைக்கு மறுபடி மீட்டுப் பார்ப்போம். கூட இருங்க."

வியாழக்கிழமை கூடவே இருந்தார். முப்பத்தெட்டும் வந்தன. அந்தக் கடைசி வங்கியின் பட்டியல் திரையில் வரிசையாக இறங்கியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓ நெகட்டிவ், மூன்று பை. ஏ பாசிட்டிவ், பதினொன்று. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு நூற்றுநாற்பதாவது கேள்விக்கு அன்றைய தேதியைத் தன் கையால் போட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒன்றே ஒன்று பாக்கி. பதினேழு.

"மேடம், மாசிலாமணிகிட்டக் கண்டிப்பா சொல்லியாச்சு. இனிமே யாரையும் சும்மா விடமாட்டாரு. உள்ளதுன்னே போட்டுடலாமே."

"அத்தாட்சி?"

"மறுப்புப் பதிவேடு இருக்கு மேடம். நானே வாங்கிக் கொடுத்தது."

"கொண்டுவாங்க பார்ப்போம்."

அட்டை இல்லாமல் வந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களை எழுதி வைக்க வேண்டிய நோட்டு அது. மாசிலாமணி பயபக்தியோடு கொண்டுவந்தார். நோட்டின் மேலட்டையில் சந்தனம், குங்குமம். ஆறு ஆயுத பூஜையிலும் வைத்த பொட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்திருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஷமீமா கடைசிப் பக்கம் வரை புரட்டினார். ஒரு வரி இல்லை.

"ஆறு வருஷமா ஒருத்தரைக்கூடத் திருப்பி அனுப்பலையா மாசிலாமணி?"

"எல்லாரும் தெரிஞ்சவங்கதானுங்களே மேடம். மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிங்க வெளியே நிறுத்துறது?"

ஷமீமா நோட்டை மூடினார். "இதுக்கு என்ன பதில் சார்?"

வேதமூர்த்தி கீபோர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முப்பத்து நான்கு வருட சர்க்கார் உத்தியோகத்தில், அதற்குப் பிறகு ஆறு வருடத்தில், எந்த அரசு ஆவணத்திலும் அவர் அந்தச் சொல்லை எழுதியதில்லை. 'இல்லை' என்று தட்டினார். முப்பது நாளில் சரிசெய்கிறோம் என்று ஒரு தேதியும், பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரும் போட்டார்.

"இந்த ஒண்ணுக்காக மறுத்துட்டாங்கன்னா மேடம்? முப்பத்தெட்டு ஆஸ்பத்திரி."

"மறுத்தா மறுக்கட்டும். நம்ம மாசிலாமணிக்கு வராத வேலை அந்த இயந்திரத்துக்காவது வருதான்னு பார்ப்போம்."

நாலு மணி பத்து நிமிடத்துக்கு அனுப்பினார்கள். ஆபீஸே அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். அவர் தொடவில்லை.

நாலு பதினான்குக்குப் பதில் வந்தது. வேதமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இருநூற்றுப் பதின்மூன்று ஏற்கப்பட்டன. ஒன்று நிலுவை, முப்பது நாள் அவகாசம். அனுமதி வழங்கப்பட்டது.

யாரோ விசில் அடித்தார்கள். முதலாளி அறையிலிருந்து ஓடிவந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். டிராயரைப் பற்றி யாரும் பேசவில்லை, வெற்றி அன்றைக்கு அதெல்லாம் எதற்கு. வேதமூர்த்தி டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"ஒன்பது மாசம் அலையுற அனுமதி மேடம். டீ ஆறலை."

சிரித்து முடித்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தோஷமான சந்தேகம்தான்.

"அந்த ஒரு 'இல்லை' மட்டும் உறுத்துது மேடம். அதை எப்போ மாத்தலாம்?"

ஷமீமா எழுந்தார். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பிப் போனார்.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். இரண்டு கையிலும் ஸ்வீட் டப்பாக்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று மாசிலாமணியைப் பார்த்துச் சிரித்தார். மாசிலாமணியின் கை தானாகப் பொத்தானுக்குப் போனது.

"மாசிலாமணி, இருங்க."

வேதமூர்த்தி எழுந்து வந்துவிட்டார். கண்ணாடி அருகில் போய் நின்றார்.

"மேடம், கார்டு?"

"உங்க மேஜை மேலதான் இருக்கு சார். கதவைத் திறங்க, கை வலிக்குது."

"கார்டு இல்லாம திறக்க முடியாதுங்க மேடம்."

"என்ன சார் இது, என்னை உங்களுக்குத் தெரியாதா?"

முதலாளிகூட எட்டிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் மேடம்" என்றார் வேதமூர்த்தி. "கதவுக்குத் தெரியாது."

மாசிலாமணி அவரைப் பார்த்தார், வெளியே நின்றவரைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். பிறகு பொத்தானிலிருந்து கையை எடுத்தார். குங்குமம் உதிர நோட்டைத் திறந்து, பிள்ளையார் சுழிக்குக் கீழே பேனாவை வைத்தார்.

"மணி என்னங்க சார்?"

"அஞ்சு அடிச்சு ரெண்டு நிமிஷம்."

நிதானமாக எழுதினார். ஷமீமா. அட்டை இல்லை. அனுமதி மறுக்கப்பட்டது. கீழே கையெழுத்துப் போட்டு, நோட்டைத் திருப்பிக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார்.

ஷமீமா குனிந்து அந்த வரியை முழுக்கப் படித்தார். டப்பாக்களைத் தரையில் இறக்கி வைத்தார்.

"இப்போ மாத்துங்க சார்" என்றார். "இன்னிக்குத் தேதி போடுங்க."