ஒண்ணேகால்

தங்கதுரை சார் எங்கள் ஆசிரமத்துக்கு வந்தபோது சட்டைப் பையில் விசில் இருந்தது. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் அதை வீட்டில் வைத்துவிட்டு வர மனம் வரவில்லை போலிருக்கிறது. காலில் அதே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. ஆட்டோவிலிருந்து வாசலுக்கு இருபதடி இருக்கும். அதற்குள் இரண்டு தடவை நின்றார்.

ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இரண்டு ஓட்டு அறை, ஒரு கிணறு, ஒரு சமையல்கட்டு. சமையல் என் பொறுப்பு. வருகிறவர்கள் செண்பகவல்லியை அம்மா என்கிறார்கள், குரு என்கிறார்கள். நான் செண்பகம் என்றுதான் கூப்பிடுவேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கதுரை சார்தான் எங்களுக்கு பி.டி. வாத்தியார்.

கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவில் செம்மண் கொட்டி நிரவிய மைதானம் அது. கடைசி பீரியட் விளையாட்டு. தீப்பெட்டி ஆபீசில் நாலு மணிச் சங்கு ஊதும்போது நாங்கள் ஓடிக்கொண்டிருப்போம். ஆளுக்கு நாலு ரவுண்டு. முதலில் வருகிறவளுக்கு சார் தன் கையால் ஒரு கடலை மிட்டாய் கொடுப்பார். அந்த மிட்டாய் எத்தனையோ தடவை எனக்குக் கிடைத்திருக்கிறது. இன்று கடையில் வாங்கித் தின்றால் அந்த ருசி வருவதில்லை.

செண்பகத்துக்கு ஏழாவது படிக்கும்போது டைபாய்டு வந்தது. அதற்கப்புறம் அவள் நாலு ரவுண்டு ஓடியதே இல்லை. ஒன்றேகால் ரவுண்டில் வடக்குக் கோல்போஸ்ட் வரும். அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். சார் விசிலை ஊதுவார், கத்துவார், சில நாள் பிரம்பைக்கூட எடுப்பார். அவள் எழுந்திருக்க மாட்டாள். கடைசியில் சார் அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார், ஒண்ணேகால் என்று. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். என் குரல்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்கும்.

அந்தத் தங்கதுரை சார்தான் இப்போது செண்பகத்தின் முன்னால் பாயில் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தார். நீ என்பதா நீங்கள் என்பதா என்று புரியாமல், இரண்டும் இல்லாமல் சமாளித்துப் பேசினார்.

இரண்டு வருடத்துக்கு முன் சிக்குன்குனியா வந்ததாம். காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது, அசதி போகவில்லை. எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்காதவன் மாதிரி எழுந்திருக்கிறார். ஒரு நாள் கொஞ்சம் நடந்தால் மூன்று நாள் படுக்கை. மதுரையில் ஒரு நரம்பு டாக்டர்தான் இதற்கு நாள்பட்ட சோர்வு நோய் என்று பேர் சொன்னார். காய்ச்சல் போனது உங்கள் நரம்புக்கு இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது, இதற்கென்று மருந்து கிடையாது, அலட்டிக்கொள்ளாமல் இருங்கள் என்றாராம். சாருக்கு அதில் கோபம். வீட்டில் மகன் வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை. ஆனாலும் அப்பா சோம்பேறி ஆகிவிட்டார் என்று நினைக்கிறான். அது சாருக்குத் தெரிகிறது.

"ரத்தம் நல்லாருக்கு. இருதயம் நல்லாருக்கு. ஸ்கேன்லயும் ஒண்ணுமில்ல. பின்ன ஏன் எந்திரிக்க முடியல?" என்றார்.

செண்பகம் பதில் சொல்வதற்குள் சமையல்கட்டில் என் கையிலிருந்து ஒரு தட்டு நழுவி விழுந்தது. ஜன்னலில் உட்கார்ந்திருந்த சாம்பல் நிறப் பூனை ஒரே பாய்ச்சலில் கூரைக்கு ஏறியது.

என்ன இப்படி ஓடுகிறது என்று சார் கேட்டார். சொல்லத்தான் வேண்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் நான் சோறு வடிக்கும்போது கால் மாட்டில் படுத்திருந்த பூனை மேல் கொதிக்கிற கஞ்சியைக் கொட்டிவிட்டேன். அன்றிலிருந்து பாத்திரச் சத்தம் கேட்டாலே இப்படித்தான்.

"புண்ணு ஆறலையா?"

"ஆறி, முடியும் முளைச்சிருச்சு சார்" என்றேன்.

"பின்ன என்ன பயம்?"

செண்பகம் கூரையைப் பார்த்தாள். "அதுக்கும் ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தான் சார்."

பிறகு அவள் சார் பக்கம் திரும்பினாள்.

"அத அடுப்புப் பக்கத்துல படுக்க வச்சிருங்க. அதுக்கப்புறம் உங்க கேள்விய எடுத்துக்கலாம்."

"எத்தன நாளைக்குள்ள?"

"பூனையத்தான் கேக்கணும்."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது என்று பழமொழியே இருக்கிறது. இவள் இப்படி ஒரு வேலையைக் கொடுத்தால் என்ன செய்வார் மனுஷன் என்று நான் முணுமுணுத்தேன்.

சார் அதை ஸ்போர்ட்ஸ் டே மாதிரி எடுத்துக்கொண்டார். முதல் நாள் விசில் ஊதிப் பழக்கப் பார்த்தார். பூனை சாயங்காலம்வரை கண்ணில் படவில்லை. இரண்டாம் நாள் நெத்திலிக் கருவாடு. முட்டைகூட நுழையாத என் அடுப்படியில் கருவாட்டு நாற்றம். பூனை அதைக் கவ்விக்கொண்டு கூரைக்குப் போய்த் தின்றது. மூன்றாம் நாள் துண்டைப் போட்டு அமுக்கி, அடுப்பருகே கொண்டுவந்து வைத்தார். அது அவர் முழங்கை வரைக்கும் கீறிவிட்டுப் போனது. நாலு நாள் ஆளையே காணோம்.

ஒன்பதாம் நாள் காலையில் சாருக்கு உடம்பு நன்றாக இருந்தது. பழைய முகம் வந்துவிட்டது. வாசலைப் பெருக்கினார். கிணற்றில் தண்ணீர் இறைத்துச் செடிக்கெல்லாம் ஊற்றினார். செண்பகம் இரண்டு தடவை, போதும் சார், என்றாள். இன்னும் நாலு வாளிதான் என்று சிரித்தார். அந்த நாலு வாளி முடிந்து இன்னும் நாலு வாளி. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மைதானத்தில் பார்த்த மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் அவரால் கையைத் தூக்க முடியவில்லை.

பதினோரு நாள். வெளிச்சம் பட்டால் கண் கூசியது. தண்ணீர் மொள்ளும் சத்தம் தலையில் அடிப்பதுபோல் இருக்கிறது என்றார். அதற்கப்புறம் அதைச் சொல்லவும் தெம்பில்லை. இருட்டாக இருக்கட்டும் என்று சமையல்கட்டை ஒட்டிய நடையில் பாய் போட்டுக் கிடத்தினோம். நான் கஞ்சியைக் கரண்டியால் புகட்டினேன். எட்டூருக்குக் கேட்கக் கத்திய வாய் அது. அந்த நாட்களில் நான் பாத்திரங்களைத் துணி விரித்துத்தான் வைத்தேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பூனை நடையில் வந்து உட்கார்ந்தது. அவருக்கும் அதற்கும் இடையே மூன்று கை தூரம். சார் பார்த்தார், கூப்பிடவில்லை. கூப்பிடத் தெம்பு இருந்தால் கூப்பிட்டிருப்பார். மறுநாளும் வந்தது.

பேச்சு வந்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் சாமான் ஒரு கரித்துண்டு. பூனை உட்கார்ந்த இடத்தில் தரையில் ஒரு கோடு போட்டார்.

"வேலம்மா, நேத்தைக்கு இன்னைக்கு ஒரு சாண் முன்னால வந்திருக்கு" என்றார். நூறு மீட்டரில் யாரோ ரெக்கார்டு உடைத்த மாதிரி ஒரு குரல்.

அதன் பிறகு அதுவே வேலை. தினமும் ஒரு கோடு. ஒரு நாள் அவசரப்பட்டுக் கையை நீட்டினார், பூனை மூன்று கோடு பின்னால் போய்விட்டது. சார் தன்னையே திட்டிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து கையை மடியில் வைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி இருந்தார்.

இன்னொன்றையும் நான் கவனித்தேன். பாயிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து கிணற்றுக்கும் போகிற வழியில் வேறு கோடுகள் இருந்தன. அவை பூனைக்குப் போட்டவை அல்ல. சில நாள் இரண்டு கோடு முன்னால் போனார், சில நாள் ஒரு கோடு பின்னால் வந்தார். நான் கூட்டும்போது அவற்றின் மேல் விளக்குமாறு படாமல் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் ஒரு காலையில் பூனை அடுப்புச் சூட்டில் சுருண்டு படுத்துத் தூங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சோறு வடித்தேன். என் கெட்ட நேரம், மூடி விழுந்தது. பூனை எழுந்து ஓடியது. ஆனால் வாசற்படியோடு நின்று, திரும்பிப் பார்த்து, நடந்து வந்து பழைய இடத்திலேயே படுத்தது.

செண்பகம் வந்து பார்த்தாள். "இப்பக் கேளுங்க சார்."

சார் பழைய கேள்வியைக் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா. பழைய மாணவர்கள் எல்லோரும் சேர்கிறார்கள். விளையாட்டு விழா அன்று தீபச் சுடரைத் தூக்கிக்கொண்டு முதல் ரவுண்டு ஓடுவது எப்போதும் தங்கதுரை சார்தான். இந்தத் தடவையும் அவர்தான் ஓட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கே அந்தச் செம்மண் காலில் ஒட்டியது மாதிரி இருந்தது.

"ஒரே ஒரு ரவுண்டு. ஓடலாமா?" என்றார் சார். குரலில் அத்தனை ஆசை.

"உங்களுக்குப் போட்ட கோடு எதுவரைக்கும் இருக்கு?"

"கிணத்தடி வரைக்கும்."

சார் கடிதத்தை மடித்தார், பிரித்தார். பிறகு முப்பத்தைந்து வருடமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"அன்னைக்கு நீ முடியாமத்தான உக்காந்த?"

"இல்ல சார். ஒண்ணரை வரைக்கும் முடியும். ஒரு நாள் உங்களுக்குப் பயந்து ஒண்ணரை ஓடினேன். ஒம்பது நாள் பள்ளிக்கூடத்துக்கு வர முடியல."

"சொல்லிருக்கலாமே."

"சொன்னேன் சார்."

சார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. அவள் சொன்னது எனக்கும் நினைவிருந்தது. நானும் அன்று சிரித்திருக்கிறேன்.

"நான் உனக்கு வச்ச பேரு..." என்று ஆரம்பித்தார்.

"நல்ல பேருதான் சார். எங்க நிறுத்தணும்னு அதுல இருந்துச்சு."

பொன்விழாவுக்கு மூன்று பேரும் போனோம். மைதானம் சின்னதாகிவிட்டதுபோல் இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் சங்கு இப்போது இல்லையாம். நரைத்த தலைகளும் தொப்பைகளுமாக எங்கள் ஆட்கள் சுற்றிலும் நின்றார்கள். சார் சுடரை வாங்கியதும் ஒரே கைதட்டல். ஓடுங்க சார் என்று நாலு பக்கமும் கத்தினார்கள். எங்களைப் பார்த்து அவர் கத்திய அதே சொல்.

சார் ஓடவில்லை, நடந்தார். ஒவ்வொரு காலடியையும் கோடு பார்த்து வைப்பதுபோல் வைத்தார். கால் ரவுண்டில் வடக்குக் கோல்போஸ்ட் வந்தது. அங்கே தரையில், பழைய இடத்திலேயே செண்பகம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

சார் நின்றார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை, கால் நடுங்கவில்லை. கைதட்டல் மெல்ல ஓய்ந்தது. இன்னும் முக்கால் ரவுண்டு இருக்கே சார் என்று கூட்டத்தில் எவனோ சொன்னான். அத்தனை பேர் பார்க்க, சுடரை என் கையில் கொடுத்துவிட்டு, தங்கதுரை சார் செம்மண்ணில் உட்கார்ந்தார்.

மீதியை நான் ஓடினேன். நாற்பத்தேழு வயதுச் சமையல்காரி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. முடித்துவிட்டு இரைக்க இரைக்க நான் திரும்பி வந்தபோதும் இரண்டு பேரும் அங்கேயேதான் இருந்தார்கள். சார் பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு மைதானத்தைப் பார்த்துக்கொண்டே அவளிடம் சொன்னார்.

"இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம். தெம்பு இருந்துச்சு."

"அத வச்சுத்தான் சார் நாளைக்குக் காலையில எந்திரிக்கணும்" என்றாள் செண்பகம்.