மிளகாய் உறைத்த கதை

செடிகொடிகளும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மிளகாய் ஒரு தின்பண்டம். குண்டோ நீட்டோ ஊசியோ, எதைக் கடித்தாலும் பழம்போல இனிக்கும். ஆடு, எலி, அணில், மனிதர் என்று ஆளாளுக்குப் பறித்துத் தின்றால் செடிக்கு என்னதான் மிஞ்சும்?

கரிசல்காட்டில் மாடத்தி என்றொருத்தி இருந்தாள். புருசனைப் பறிகொடுத்தவள். இருளாயி என்று ஒரே மகள். மாடத்தியின் குடிசையோரம் நின்ற மிளகாய்ச்செடி ஒருநாள் அவளைக் கூப்பிட்டது.

"தாயி, இந்தக் கோடையோட நான் பட்டுப்போவேன். நடுக்கொப்புல நல்லாக் கனிஞ்சதாப் பாத்துப் பறி. சொத்தை வேண்டாம். நெழல்ல காயவச்சு, சாம்பல்ல பெரட்டி வையி. மழை விழுந்ததும் வெதச்சிரு. எம்புள்ளைகள உன்கிட்டதான் ஒப்படைக்கேன்."

"எம்மவளப் போலப் பாத்துக்கிடுதேன்," என்றாள் மாடத்தி. சொன்னபடியே பறித்துக் காயவைத்து, கலயத்தில் அடைத்து, வாயில் துணியைக் கட்டிப் பரணில் ஏற்றினாள்.

மழை வரவில்லை. குதிர் காலியானது. காட்டில் தோண்டித் தின்னக் கிழங்குகூட இல்லை. இருளாயி படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். கொடுத்த வாக்கு அதில் எத்தனையாவதோ. மாடத்தி கலயத்தை இறக்கி, வாசலில் உட்கார்ந்து சாம்பலைக் கழுவினாள்.

"தாயி, அது வெத," என்றது செடி. அதற்கு இன்னும் உயிர் இருந்தது.

"எம்புள்ள சாகக் கெடக்கா."

"எம்புள்ளைகளும்தான்."

மாடத்தி கழுவிய பழங்களை உலைக்கு அள்ளினாள். கைதவறி ஒரு பழம் உருண்டு ஓட, அதை ஒரு கிளி கவ்விக்கொண்டு பறந்தது. மற்றதெல்லாம் உலையில் விழுந்தது.

இருளாயி இரண்டு வாய் குடித்தாள். "இனிக்கும்மா," என்றாள். பொழுது சாயுமுன் அவள் உயிர் போய்விட்டது.

செடி பார்த்துக்கொண்டே இருந்தது. "இனி எங்க வம்சத்துல ஒண்ணு மொளைச்சா, கடிக்கிற வாய் எரியட்டும். வெதயச் சுமந்துட்டுப் போன கிளிக்கு மட்டும் அது தெரிய வேண்டாம்," என்றது. பிறகு பட்டுப்போனது.

மாடத்திக்கு அழுகை வரவில்லை. மகளைப் புதைத்துவிட்டு வந்தும் வரவில்லை. "பெத்தவதானா இவ?" என்று ஊர் அவள் காதுபடவே பேசியது.

மழை பிந்திப் பெய்தது. கிளி எச்சமிட்ட வேலியோரம் ஒரு மிளகாய்ச்செடி முளைத்துக் காய்த்தது. மாடத்தி ஒன்றைப் பறித்துக் கடித்தாள். நாக்கு தீயாய் எரிந்தது, கண்ணில் நீர் கொட்டியது. அந்த நீரோடு சேர்ந்து, அடைத்துக் கிடந்த அழுகையெல்லாம் வந்தது. மகள் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

பக்கத்துக் குடிசைக்காரி எட்டிப் பார்த்தாள். "என்ன மதினி, அழுதியா?"

"இல்ல மதினி. மொளகா உறைக்கி."

வந்தவள் ஒன்றைக் கடித்துப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்விட்டாள். மறுநாளும் மாடத்தி அம்மியில் மிளகாய் வைத்து அரைத்தாள். அதற்கு மறுநாளும் அரைத்தாள்.

அன்று முதல்தான் கிளியைத் தவிர எல்லோருக்கும் மிளகாய் உறைக்கிறது. மிளகாய் அரைக்கிற பெண்ணின் கண்ணில் நீர் வழிந்தால், ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்பதுமில்லை.