டம்ளரில் மிஞ்சிய கஞ்சி

மடத்துக் குரு சிற்றம்பல அடிகளுக்குக் காலில் முள் குத்திச் சீழ் வைத்தது. ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிகள் புண்ணை ஆற்றின, வயிற்றைக் கெடுத்தன. பதினாறு நாளாகப் பேதி. மருந்து கொடுத்தால் இரண்டு நாள் அடங்கும். பிறகு முன்னைவிட மோசமாகத் தொடங்கும்.

டாக்டர் நூர்ஜமீலா ஒரு வாரம் முன்பே மடத்து ஆட்களைக் கூப்பிட்டு உடைத்துச் சொல்லிவிட்டார்.

"கெட்ட கிருமியோட சேர்ந்து குடல்ல இருந்த நல்ல கிருமியும் செத்துப்போச்சு. காலி வீட்டுல ஒரு பொல்லாதது குடியேறி இருக்கு. நல்லதுகளை மறுபடி உள்ளே அனுப்பணும். அது ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்துலதான் இருக்கு. அதைப் பரிசோதிச்சு, வடிகட்டி, குழாய் வழியா குடலுக்குள்ள விடுவோம்."

ஆறு பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். அடிகளிடம் யாரும் மூச்சு விடவில்லை. அவர் ஒரு நாளைக்கு மூன்று முறை குளிக்கிறவர். தும்மியவர் தொட்ட செம்பைக்கூடக் கழுவாமல் எடுக்கமாட்டார்.

இன்று முடிவு வந்தது. ஐந்து பேர் தேறவில்லை. தேறியவர் ஆவுடையப்பன் ஒருவர்தான். அடிகளின் சீடர், வயது ஐம்பத்து நான்கு. காய்ச்சல் வந்தாலும் மாத்திரை போடாத பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதம் முதல் முறையாக ஒருவருக்குப் பயன்பட்டது.

"நாளைக் காலையில செஞ்சாகணும். இன்னும் ரெண்டு நாள் போனா உடம்பு தாங்காது. அவர் கையெழுத்துப் போடணும்" என்றார் டாக்டர்.

"மருந்துன்னு மட்டும் சொல்லிருவோம் டாக்டரம்மா" என்றார் ஆவுடையப்பன்.

"என்ன மருந்துன்னு தெரியாம கையெழுத்து வாங்கமாட்டேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நானே சொல்லுதேன்."

ஆவுடையப்பன் அறைக்குள் போனார். அடிகள் சுருங்கிப் போயிருந்தார். நர்ஸ் அன்றுதான் முதல் தடவையாகக் கொஞ்சம் கஞ்சி கொடுத்திருந்தாள். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மிச்சத்தை அடிகள் நீட்டினார்.

முப்பத்தோரு வருஷப் பழக்கம். குரு சாப்பிட்ட இலையில் மிஞ்சியதைச் சீடர் சாப்பிடுவது அந்த மடத்து வழக்கம். இந்தப் பதினாறு நாளும் அதற்கு வழியில்லை. ஆவுடையப்பன் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனார்.

"குடிக்காதீங்க!"

டாக்டர் வாசலில் நின்றார். உள்ளே வந்து டம்ளரைப் பிடுங்கி மேஜையில் வைத்தார். "ஒரு மடக்கு போதும். அவர் வயித்துல இருக்கிறது உங்க வயித்துக்கு வந்துட்டா நாளைக்கு யாரைத் தேடுவேன்?"



"எதுக்கு அவனைத் தேடணும்?" என்றார் அடிகள்.

டாக்டர் ஆவுடையப்பனைப் பார்த்தார்.

"ஆவுடையப்பா, உன்னைத்தான் கேக்கேன்."

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். யாருடையது என்பதையும் சொன்னார்.

அடிகள் கண்களை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை. டாக்டர் நாடியைத் தொட்டுப் பார்த்தார்.

"சாமி, அசுத்தத்தை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரல" என்றார் ஆவுடையப்பன். "நீங்க வேண்டாம்னா வேண்டாம். ஆனா வேண்டாம்னு சொல்லிராதீங்க சாமி. நீங்க இல்லாம எனக்கு இருக்கத் தெரியாது."

அடிகள் கண் திறந்து டாக்டரைப் பார்த்தார். "அந்த நல்ல கிருமியெல்லாம் இவனுக்குள்ள எப்படிம்மா வந்துச்சு?"

"பிறக்கும்போது அம்மாகிட்ட இருந்து கொஞ்சம். அப்புறம் மண்ணு, தண்ணி, சாப்பாடு. கூட இருக்கிறவங்ககிட்ட இருந்தும் வரும்."

"கூட இருக்கிறவங்ககிட்ட இருந்தா."

அடிகள் மேஜைமேல் இருந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு சீடரைப் பார்த்தார்.

"முப்பத்தோரு வருஷமா என் எச்சிலைத் தின்னியே. அருவருப்பா இருந்துச்சா?"

"எச்சிலா? அது பிரசாதம் சாமி."

"பிரசாதம்னு நான் என்னைக்காவது சொன்னேனா?"

ஆவுடையப்பன் யோசித்தார். "இல்ல சாமி. நானா நினைச்சுக்கிட்டேன்."

அடிகள் டாக்டரிடம் கையை நீட்டினார்.

"பேனாவைக் கொடுங்கம்மா. இப்ப நான் நினைச்சுக்கிடுதேன்."