முட்டை ஓட்டில் மிஞ்சிய நீலம்

இந்தக் கதையில் இரண்டு முட்டை ஓடுகள் வருகின்றன. அவற்றை மட்டும் நீங்கள் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெகு காலத்துக்கு முன், யூதர்கள் வாழ்ந்த ஒரு கடற்கரை ஊரில், சாயக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள் சேராக். அந்த மக்களில் ஆண்கள் தங்கள் மேலாடையின் நான்கு மூலைகளிலும் நூல் தொங்கல் கட்டிக்கொள்வார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கடவுளின் கட்டளைகள் நினைவுக்கு வர வேண்டும். வெள்ளை நூல்களோடு நீல நூலும் சேர்ந்தால் தனிச் சிறப்பு. அந்த நீலம் ஒரு கடல் நத்தையிலிருந்துதான் வர வேண்டும்.

அதற்கு ஒரு சட்டம் உண்டு. தொங்கலுக்கென்று காய்ச்சிய சாயம் தொங்கல் நூலுக்கு மட்டுமே உழைக்க வேண்டும். வேறு எதற்காவது பயன்பட்டுவிட்டால், அந்தச் சாயம் தொங்கலுக்கு ஆகாது. நிறம் பார்ப்பதற்காக நனைத்தாலும் அப்படித்தான். ஆகவே சாயக்காரர்கள் சட்டியில் எதையும் நனைத்துப் பார்ப்பதில்லை. முட்டை ஓட்டில் கொஞ்சம் மொண்டு, அதில் ஒரு துண்டுக் கம்பளியை நனைத்துப் பார்ப்பார்கள்.

சேராக்கின் கொழுந்தன் இத்தியேலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவனுடைய அப்பா ஆயுள் முழுக்க வெள்ளைத் தொங்கலோடுதான் இருந்தார். காய்ச்சிய நீலமெல்லாம் விலைக்குப் போய்விடும், அவருக்கென்று மிஞ்சவே இல்லை. "உனக்கு நீலம் கட்டியே தீருவோம், அது என் பொறுப்பு" என்று சேராக் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஆண்டு கடல் கொந்தளிப்பு. இரண்டு சின்னச் சட்டிக்குத்தான் நத்தை கிடைத்தது. ஒரு சட்டியைச் சேராக் காய்ச்சினாள். அதுதான் அவளுடைய முதல் சட்டி. இன்னொன்றைக் கைதேர்ந்த நாத்தனார் மில்கா காய்ச்சினாள்.

கல்யாணத்தன்று காலையில் இரண்டு நூல்கண்டுகளும் பலகைமேல் இருந்தன. மில்காவின் நூல் நடுக்கடல் போல அடர்ந்த நீலம். சேராக்கின் நூல் சற்று வெளுப்பு.

தொங்கல் கட்ட வந்த ஹனமேல் அதிகம் பேசாதவர். கண்டுகளைத் தொடாமலே, "நிறம் எப்படிப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

மில்கா முந்திக்கொண்டாள். "முட்டை ஓட்டில் மொண்டு பார்த்தேன். கம்பளித் துண்டை எரித்துவிட்டேன். ஓட்டில் மிஞ்சியதைச் சட்டியிலேயே ஊற்றினேன். ஒரு சொட்டுக்கு எத்தனை நத்தை! அண்ணியைப் போலச் சாம்பலுக்குச் சாயம் போட எனக்கு மனசு வராது."

ஒரு வாரமாக இதே கேலிதான். சேராக் தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் ஓட்டில்தான் பார்த்தேன், துண்டை எரித்தேன். ஆனால் மிஞ்சியதைத் திரும்ப ஊற்றக் கை வரவில்லை. சாம்பல் கூடையில் கொட்டிவிட்டேன், ஓட்டோடு. அதனால்தான் வெளுத்துவிட்டதோ என்னவோ."

"நீங்கள் இருவரும் பேசி முடிப்பதற்குள் பெண் வீட்டார் சாப்பிட்டுவிட்டே கிளம்பிவிடுவார்கள்" என்றான் இத்தியேல். "வெறும் வெள்ளை நூலும் செல்லும்தானே? அதையே கட்டுங்கள்." சொன்னானே தவிர, அவன் பார்வை அந்த நீலத்தை விட்டு நகரவில்லை.

ஹனமேல் கை நீட்டி ஒரு கண்டை எடுத்தார்.

எந்தக் கண்டை எடுத்தார்? சேராக், மில்கா, இந்த இருவரில் யார் செய்தது சரி?

விடை: சேராக் செய்ததே சரி. நிறம் பார்த்ததுமே ஓட்டிலிருந்த சாயம் வேறொரு வேலை செய்துவிட்டது. அதைத் திரும்ப ஊற்றியபோது மில்காவின் சட்டி முழுவதும் தொங்கலுக்கு ஆகாததாகிவிட்டது. நூல் அடர்த்தியாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஹனமேல் வெளுத்த நூலைக் கோத்து முதல் முடிச்சைப் போட்டபோதுதான் சேராக்குக்கு மூச்சு வந்தது. மில்காவின் அழகான நீலமும் வீணாகவில்லை. மணப்பெண்ணின் முக்காட்டுக்கு ஓரத் தையலாயிற்று. அடுத்த ஆண்டு சாயம் காய்ச்ச உட்கார்ந்ததும் மில்கா கேட்ட முதல் கேள்வி இது: "அண்ணி, அந்தச் சாம்பல் கூடை எங்கே?"