மரியபுஷ்பம், வயது நாற்பத்தாறு

தேவசகாயத்துக்கு ஐம்பத்துமூன்று வயது. ஃபர்ஸானாவுக்கு இருபத்தொன்பது. இதில் குரு யார் என்று கேட்டால், இருபத்தொன்பதுதான்.

ஆஸ்பத்திரி லேபில் ரிப்போர்ட்டை ஜன்னலில் கொடுப்பதை நிறுத்தி, இனி எல்லாம் மெயில்தான் என்று ஆக்கினார்கள். பத்தொன்பது வருஷம் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தவரைத் தூக்கி ஃபர்ஸானாவின் பக்கத்து நாற்காலியில் போட்டார்கள். முதல் வாரம் மனுஷனுக்கு முகமே சரியில்லை. இரண்டாவது வாரம் வேலை பிடிபட்டது. பிடிபட்டதும் வேகம் வந்தது, வேகத்தோடு கொஞ்சம் மிதப்பும் வந்தது.

ஃபர்ஸானாவிடம் ஒரு பழக்கம். ரிப்போர்ட்டை மெயிலோடு இணைத்ததும் அனுப்பிவிட மாட்டாள். இணைத்த ஃபைலைத் திறப்பாள். உள்ளே இருக்கும் பேரையும் வயதையும் ஊரையும் வாய்விட்டுப் படிப்பாள். அப்புறம்தான் அனுப்புவாள். நூறு ரிப்போர்ட் என்றால் நூறு தடவை. பக்கத்தில் இருப்பவருக்குப் பைத்தியம் பிடிக்காதா?

“மேடம், ஒண்ணு கேக்கணும்,” என்றார் ஒருநாள். “பேர்ல மூணு எழுத்து அடிச்சா சாஃப்ட்வேரே ஃபைலை எடுத்துக் கொடுக்கு. பிறகு எதுக்குத் திறந்து வாசிக்கணும்?”

“ஜன்னல்ல இருந்தப்போ எப்படி சார் கொடுப்பீங்க?”

“அது என்ன பெரிய வித்தை? பேரைக் கூப்பிடுவேன். ஆள் எழுந்து வரும். மூஞ்சியைப் பாத்துக் கொடுப்பேன்.”

“யாருக்காவது மாத்திக் கொடுத்திருக்கீங்களா?”

“பத்தொம்பது வருஷத்துல ஒருத்தருக்குக்கூட இல்ல.”

“அப்படியா,” என்று அவள் திரும்பிக்கொண்டாள். அடுத்த ஃபைலைத் திறந்து பேரைப் படித்தாள்.

கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று தேவசகாயத்துக்கு எரிச்சல். சின்னப் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டார். அன்றைக்கு நூற்று நாற்பது ரிப்போர்ட்டைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்தார். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் போன் வந்தது. யாரோ ஒரு அம்மாவின் மகன்.

“எங்கம்மா மரியபுஷ்பத்துக்கு வயசு அறுபத்தொண்ணு. நீங்க அனுப்புனதுல நாப்பத்தாறுன்னு இருக்கு. கேன்சர்னு வேற போட்டிருக்கு. அம்மா நேத்துல இருந்து ஒரு வாய் சாப்பிடல சார்.”

தேவசகாயம் தேடிப் பார்த்தார். இரண்டு மரியபுஷ்பம் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் மார்புக் கட்டிக்கு ஒரே நாளில் பரிசோதனை. ஃபைல் மாறிப்போயிருந்தது. அறுபத்தொன்றுக்கு ஒன்றுமில்லை, நாற்பத்தாறுக்குத்தான் நோய். அந்த நாற்பத்தாறுக்கு, ஒன்றுமில்லை என்ற ரிப்போர்ட் போயிருந்தது.

அவளிடமிருந்து நேற்றே பதிலும் வந்திருந்தது. “ரொம்ப நன்றி ஐயா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நாளைக்கு ரெண்டரை மணி ரயிலில் மகள் வீட்டுக்குப் போகிறோம். மூணு மாசம் இருப்போம்.” சந்தோஷத்தில் வயதை யார் பார்க்கிறார்கள்.

மெயிலைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினார். படித்தாகிவிட்டது, திரும்பப் பெற முடியாது என்றது திரை.

மகனிடம் மன்னிப்புக் கேட்டு, அந்த அம்மாவின் ரிப்போர்ட்டை அனுப்பினார். மற்றவளுக்கு எழுத உட்கார்ந்தபோது கை தானாக “தொழில்நுட்பக் கோளாறு காரணமாக” என்று தொடங்கியது. பின்னால் நின்றிருந்த ஃபர்ஸானா கை நீட்டி அந்த மூன்று வார்த்தையையும் அழித்தாள்.

அவர் “என் தவறால்” என்று எழுதினார். ஃபைலை இணைத்தார். திறந்தார்.

“மரியபுஷ்பம். வயது நாற்பத்தாறு. பெருமாள்புரம்.”

அனுப்பினார்.

“சரியான ஃபைல் போயிட்டு மேடம். வாசிச்சிட்டுத்தான் அனுப்பினேன்.”

“அவங்க மெயிலைத் திறந்தாங்களா?”

“இல்ல. போனும் நாலு தடவை அடிச்சிட்டேன். எடுக்கல.”

மணி பன்னிரண்டே கால். ஃபர்ஸானா தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவர் மேஜையில் வைத்தாள்.

“டாக்டர்கிட்ட பேசிட்டேன். ஊருக்குப் போக விடாம உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நோயைப் பத்தி அவங்க சொல்லிக்கிடுவாங்க. ரிப்போர்ட்டை மாத்தி அனுப்பினது யாருன்னு நீங்கதான் சொல்லணும்.”

தேவசகாயம் சாவியைப் பார்த்தார். எடுக்கக் கை வரவில்லை. அந்த வீட்டில் இந்நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

“ஸ்தோத்திரம்னு எழுதியிருக்காங்க மேடம். அந்த வாசல்ல போய் நின்னு நான் என்னன்னு ஆரம்பிக்க?”

“ஜன்னல்ல எப்படியோ அப்படித்தான் சார். பேரைக் கூப்பிடுங்க. எழுந்து வருவாங்க. மூஞ்சியைப் பாத்துக் கொடுங்க.”