பூசணிக்காயோடு நின்ற எடை

காய்ச்சலில் கொதிக்கும் மூன்று வயது முகிலனைத் தூக்கிக்கொண்டு தவமணியும் அவள் கணவன் குருசாமியும் சந்தையிலிருந்து நேரே சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். டாக்டர் சீட்டில், "காய்ச்சல் மருந்து, கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம்" என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். குறைத்துக் கொடுத்தால் காய்ச்சல் இறங்காது. கூட்டிக் கொடுத்தால் ஈரலுக்கு ஆகாது. எடை சரியாக வேண்டும். அந்தப் பொறுப்பு நர்ஸ் எஸ்தர் தலையில் விழுந்தது.

பையன் தனியாக எடை மேடையில் ஏற மாட்டேன் என்றான். சந்தையில் வாங்கிய இரண்டு கிலோ பூசணிக்காயையும் விடமாட்டானாம். அது அவனுக்குத் தம்பியாம்.

"சரி, மூணு பேருமா ஏறுங்க" என்றாள் எஸ்தர்.

தவமணி பிள்ளையையும் காயையும் அணைத்துக்கொண்டு ஏறினாள். முள் அறுபத்து நான்கில் நின்றது. அடுத்து, பிள்ளையை மட்டும் குருசாமியிடம் கொடுத்தாள்.

"தம்பிய அப்பாகிட்ட குடுக்காதம்மா, சாம்பார் வச்சிருவாரு!" என்று அலறினான் முகிலன்.

ஆகவே காய் தவமணியின் இடுப்பிலேயே இருந்தது. முள் ஐம்பத்திரண்டு காட்டியது. அவள் இறங்கிய பிறகும் முள் ஒன்றுக்குக் கீழே வரவில்லை. அந்த மேடை ஆறு மாதமாக அப்படித்தான்.

"பன்னிரண்டு கிலோ" என்று எழுதினாள் எஸ்தர்.

"அதெப்படி சிஸ்டர்? பூசணிக்கா ரெண்டு கிலோவ யார் கழிக்க? எம் பிள்ள பத்துதான்" என்றான் குருசாமி.

மருந்தாளர் இதயராஜ் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "காய விடுங்க அண்ணாச்சி. சும்மா நிக்கும்போதே ஒரு கிலோ காட்டுற மிஷினு இது. அதைக் கழிச்சா பதினொன்னு."

இரண்டு ஆண்கள் இவ்வளவு உறுதியாகச் சொல்லவும், எஸ்தருக்குத் தன் கணக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பேனாவை மூடாமல் நின்றாள்.

பத்தா, பதினொன்றா, பன்னிரண்டா? நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் யார் சொன்ன எடைக்கு மருந்து ஊற்றுவீர்கள்?

விடை: எஸ்தரின் பன்னிரண்டே சரி. காயின் இரண்டு கிலோவும் மேடையின் ஒரு கிலோவும் இரண்டு முறையும் கூடவே இருந்தன. கழிக்கும்போது தாமாகவே போய்விட்டன. இரண்டாம் முறை மேடையில் இல்லாதது பிள்ளை ஒன்றுதான். பன்னிரண்டைப் பதினைந்தால் பெருக்கினால் நூற்றெண்பது மில்லிகிராம். ஐந்து மில்லிலிட்டரில் நூற்றிருபது மில்லிகிராம் உள்ள மருந்தில் அது ஏழரை மில்லிலிட்டர். எஸ்தர் மறுபடியும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டே ஊற்றினாள். ஒரு மணி நேரத்தில் பையனுக்கு வியர்த்தது. எழுந்து உட்கார்ந்து, "பசிக்கு" என்று அவன் போட்ட சத்தத்தில் டாக்டரே வெளியே வந்து பார்த்தார்.