தபாலில் வந்த பத்திரிகை

மெக்சிகோவில் மாயன்கள் கட்டிய கல் கோபுரம் ஒன்றின் அடியில் மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்து மூன்று. முதுகுப் பையை இன்னும் இறக்கவில்லை. பக்கத்தில் அவருடைய குரு. குருவுக்கு நாற்பத்தைந்துதான்.

ஒரு மணி நேரத் தூரத்தில் கடற்கரை. அங்கே ஒரு ரிசார்ட்டில் மாசிலாமணியின் தம்பி கனகு சமையல்காரர். வெள்ளிக்கிழமை கப்பல் வேலைக்குப் போகிறார். ஏறிவிட்டால் எப்போது, எந்த ஊரில் இறங்குவார் என்று அவருக்கே தெரியாது. அவரைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

அன்று செவ்வாய்.

"போகலாமா ஐயா?" என்றார் குரு.

"இருங்க சாமி. இதைப் பார்த்துட்டுப் போவோம்."

புதன்கிழமையும் அதே கோபுரம். யாரும் ஏறாதபடி கயிறு கட்டியிருந்தது. சுற்றுலாக்காரர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டி எதிரொலி கேட்டார்கள்.

போன் அடித்தது.

"அண்ணே, எப்ப வர்றீங்க? கேட்லயே நிக்கிறேன்."

மாசிலாமணி பேசாமல் வைத்துவிட்டார். குரு அவர் முகத்தைப் பார்த்தார்.

"மகள் கல்யாணப் பத்திரிகையைத் தபால்ல அனுப்பினான் சாமி. கூடப் பிறந்த அண்ணனுக்கு! தட்டுல வெத்தலை பாக்கு வெச்சு நேர்ல வந்து கூப்பிட வேணாமா? நான் போகலை. பத்தொன்பது வருஷம் பேச்சில்லை. இப்பவும் போன்லதான் கூப்பிடுறான். பஸ் ஏறி வரக்கூடாதா?"

"நீங்க விமானமே ஏறி வந்தீங்களே."

"அது வேற."

வியாழக்கிழமை, மத்தேயோ என்ற வழிகாட்டி அந்தப் பக்கம் வந்தார்.

"இத்தனை பெரிய ஊரைக் கட்டிட்டு இந்த ஜனங்க எங்க போய்த் தொலைஞ்சாங்கன்னு கேளுங்க சாமி" என்றார் மாசிலாமணி.

குரு ஆங்கிலத்தில் கேட்டார். மத்தேயோ சிரித்துக்கொண்டே சொன்னதை அவரே தமிழில் சொன்னார்.

"எல்லாரும் இதையேதான் கேக்குறாங்களாம். 'நாங்க எங்கயும் போகலை. நானே மாயன்தான். அந்த மரங்களுக்குப் பின்னால எங்க ஊர். எங்கம்மா இப்ப ரொட்டி சுட்டுக்கிட்டிருப்பா. இங்க வர்றவங்க யாரும் அங்க வர்றதில்லை'ங்கறார்."

மாசிலாமணி கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குப் போயிருவோமா?"

"நாளைக்கு. முதல் பஸ்."

முதல் பஸ் கடற்கரைக்கு வந்தபோது மணி பத்து. வெள்ளை மணலில் வெள்ளைக்காரர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ரிசார்ட் கேட்டில் செல்வின் என்ற நாகர்கோவில்காரர் நின்றிருந்தார். கனகுவோடு சமையல் வேலை செய்பவர்.

"கனகண்ணனுக்க அண்ணனா? ஒம்பது மணிக்கே வண்டி வந்து கூட்டிட்டுப் போயிட்டு. மூணு நாளா லீவு போட்டு இங்கயே நின்னாரு."

மாசிலாமணி போன் அடித்தார். அணைந்திருந்தது.

"நிக்கத் தெரிஞ்சவனுக்கு வரத் தெரியலையா?"

"நாங்களும் கேட்டோம். 'மக கல்யாணத்துக்குத் தட்டோட அண்ணன் வாசல் வரைக்கும் போனேன். உள்ள என்னைய ஏசிட்டு இருந்தாரு. படியேறப் பயந்து திரும்பி வந்து தபால்ல போட்டேன். அந்தப் பயம் இன்னும் போகல்ல'ன்னாரு."

மாசிலாமணி பையை இறக்கி வைத்தார்.

"உள்ள வாங்க. அவருக்க ரூம்ல உங்களுக்குக் கட்டில் போட்டு வெச்சிருக்காரு."

அறை வரை நடந்தார்கள். செல்வின் கதவைத் திறந்துவிட்டுப் போனார். மாசிலாமணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவன் இல்லாத ரூமுக்குள்ள எப்படிப் போறது சாமி?"

"செருப்பைக் கழட்டிட்டுப் போங்க ஐயா. இனிமே கூப்பிட ஆள் வராது."